சாவி கொடுக்கிற அன்னிக்கு, குடிவர்றவங்க கையில என்னென்ன கொடுக்கணும்?

மாடிவீடு | 2025 ஜூன் 2, இரவு 9.40

மடிப்பாக்கத்துல தனி வீடு. கீழ நாங்க, மாடியில ரெண்டு பெட்ரூம் போர்ஷன். முதல் தடவையா வாடகைக்கு விடறோம். 15-ம் தேதி ஒரு குடும்பம் வருது. என் கணக்குப்படி அக்ரிமெண்ட் ஒரு காப்பி, சாவி ஒரு செட், அவ்வளவுதான் கொடுக்க வேண்டியது. மத்ததெல்லாம் வாயால சொன்னா ஆச்சு, கீழேயேதானே இருக்கோம். வீட்டம்மா மட்டும் "எல்லாத்தையும் பேப்பர்ல எழுதிக் கொடுங்க"ன்னு பிடிவாதமா இருக்காங்க. அவ்வளவு வேணுமா?

பழைய சாவி | ஜூன் 2, இரவு 10.25

வீட்டம்மா சொல்றதைக் கேளுங்க.

வாயால சொன்னது மூணு மாசம் தாங்கும். ஓனரும் வாடகைக்கு இருக்கிறவரும் முட்டிக்கிறது பெரும்பாலும் காலி பண்ற வாரத்துல, அட்வான்ஸ்ல எவ்வளவு பிடிக்கிறதுங்கிற இடத்துல. அன்னிக்கு "நான் வரும்போதே அந்த டைல்ஸ் உடைஞ்சிருந்தது"ன்னு அவர் சொல்வார், "இல்லவே இல்ல"ன்னு நீங்க சொல்வீங்க. அதனால இப்ப எழுதற பேப்பரை, ரெண்டு வருஷம் கழிச்சு அவர் லாரியில சாமான் ஏத்தற நாளை மனசுல வெச்சு எழுதணும்.

குறைஞ்சபட்சம் இவ்வளவு:

கையெழுத்துப் போட்ட அக்ரிமெண்ட், ஜெராக்ஸா இல்லாம அசல் ஒண்ணு. அட்வான்ஸ் வாங்கினதுக்குத் தனி ரசீது. பொருள் பட்டியல். அன்னிக்குத் தேதியில மீட்டர் ரீடிங். இபி சர்வீஸ் நம்பர். வீட்டை எப்படி ஓட்டறதுன்னு ரெண்டு பக்கம், அதாவது தண்ணி, மோட்டார், வால்வு, மெயின் ஸ்விட்ச், குப்பை, செப்டிக் டேங்க். எத்தனை சாவின்னு எண்ணிக்கை.

11 மாசத்துக்கு எழுதிட்டா ரிஜிஸ்ட்ரேஷன் தொல்லை கிடையாது. மத்ததை நாளைக்கு ஒவ்வொண்ணா எழுதறேன்.

பழைய சாவி | ஜூன் 3, காலை 7.10

ராத்திரி எழுதினதுல கடைசி வரிக்கு முந்தினது பாதிதான் சரி. திருத்திக்கிறேன்.

ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைன்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியணும், முத்திரைத் தீர்வையும் உண்டு. அதைத் தவிர்க்கத்தான் ஊர் முழுக்க 11 மாசம். அது வரைக்கும் சரி. ஆனா தமிழ்நாட்டுல 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துட்டு, 2017-ல புதுச் சட்டம் போட்டு, அது 2019 பிப்ரவரி 22 முதல் நடப்புல இருக்கு. அதன்படி எழுத்துல அக்ரிமெண்ட் இல்லாம வாடகைக்கே விடக் கூடாது. எழுதினதை 90 நாளுக்குள்ள வாடகை அதிகாரிகிட்ட பதியணும். 11 மாசமா 3 வருஷமாங்கிறது இங்க பேச்சே இல்லை.

சார்பதிவாளர் பதிவு வேற, வாடகை அதிகாரி பதிவு வேற. வாடகை அதிகாரிங்கிறவர் துணை ஆட்சியர் நிலையில இருக்கிற வருவாய்த்துறை ஆள். விண்ணப்பம் ஆன்லைன்லதான், அரசோட வாடகைப் பதிவுத் தளத்துல. பதிவானதும் ஒரு வாடகைப் பதிவு எண் வரும். அந்த எண் இருக்கிற பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துக் குடிவந்தவங்களுக்கு ஒண்ணு கொடுத்துடுங்க.

இதுல ஓனருக்கு என்ன லாபம்னு கேட்பீங்க. பதியாத பேப்பரைத் தூக்கிட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போனா முதல் கேள்வியே அதுலதான் விழும். அக்ரிமெண்ட் போட முடியாமப் போறதே காலி பண்ணச் சொல்றதுக்கு ஒரு காரணம்னு அதே சட்டத்துல இருக்கு, 21-ம் பிரிவு. ரெண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி.

இன்னொண்ணு. பதிவு விண்ணப்பப் படிவத்துலேயே வாடகை, காலம், சொத்து விவரத்தோட "கொடுத்திருக்கும் சாமான்கள், கருவிகள்"னு ஒரு கட்டம் உண்டு. கரண்டு, தண்ணி மாதிரி கூடுதல் கட்டணம் என்னென்னங்கிறதுக்கும் கட்டம் உண்டு. பாதிப் பேர் அங்க "இல்லை"ன்னு போட்டுடறாங்க. பொருள் பட்டியலை முதல்ல தயார் பண்ணிட்டா அதையே அங்க இணைச்சிடலாம்.

மாடிவீடு | ஜூன் 3, மதியம் 1.05

நன்றி சார். அட்வான்ஸ் பத்து மாசம்னு பேசியிருக்கோம். புரோக்கர் "சென்னையில அதான் வழக்கம்"னார். அது சட்டப்படி சரியா?

பழைய சாவி | ஜூன் 3, மதியம் 2.30

சட்டத்துல இருக்கிற எண் மூணு மாச வாடகை. ஆனா "ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால்"னு ஒரு வால் அதுக்கு உண்டு. பத்து மாச வழக்கம் அந்த வாலைப் பிடிச்சுத்தான் தொங்குது. எவ்வளவு வாங்கறீங்களோ அந்த எண்ணை எழுத்தாலேயும் எண்ணாலேயும் அக்ரிமெண்ட்ல போட்டே ஆகணும். "மூணு மாசம் பேப்பர்ல, ஏழு மாசம் கையில"ங்கிற ஏற்பாட்டுக்குப் போகாதீங்க. பேங்க் வழியா வாங்குங்க. டோக்கன் அட்வான்ஸா ஜிபேல வந்த அஞ்சாயிரமும் அதுக்குள்ள அடக்கமான்னு ரசீதுல ஒரு வரி எழுதுங்க. இந்த அஞ்சாயிரத்துக்கு நடக்கிற சண்டை, மீதி லட்சத்துக்கு நடக்காது.

காலி பண்ணின பிறகு ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பிக் கொடுக்கணும்ங்கிறதும் அதே பிரிவுல இருக்கு. "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தர்றேன்"ங்கிறது சட்டத்துல இல்லாத பிரிவு.

பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிக்கிறதும் வழக்கம்தான். ஆனா சட்டத்தோட இரண்டாம் அட்டவணை, வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கிறது, சுவருக்குள்ள போற பைப்பு, ஒயரிங், கட்டடத்தோட பெரிய ரிப்பேர் எல்லாத்தையும் ஓனர் கணக்குல வைக்குது. குழாய் வாஷர், குழாய், வாஷ்பேசின், டாய்லெட் ரிப்பேர், கீசர், ஸ்விட்ச், சாக்கெட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, சாக்கடை அடைப்பு இதெல்லாம் குடியிருக்கிறவர் கணக்கு. பெயிண்டிங் பிடிக்கிறதா இருந்தா முதல் நாளே தொகையோட எழுதுங்க. எழுதாம கடைசியில பிடிச்சா அவர் இந்த அட்டவணையைத்தான் காட்டுவார். அந்த அட்டவணையை அப்படியே ஒரு பக்கத்துல பிரிண்ட் போட்டு அக்ரிமெண்ட் பின்னாடி பின் பண்ணிடுங்க. "சார், கீசர் ஓடலை"ன்னு போன் வந்தா ரெண்டு பேரும் அதே பக்கத்தைப் பார்த்துக்கலாம்.

ஒரு சந்தேகம் வரும். குடிவந்த பத்தாம் நாள் கீசர் போனா அது யார் செலவு? அட்டவணை குடியிருக்கிறவர்னுதான் சொல்லும். ஆனா அது ஏழு வருஷப் பழைய கீசரா இருந்தா அவர் தலையில கட்டறது நல்லா இல்லை. "முதல் 30 நாளில் பழுதானால் ஓனர் செலவு"ன்னு ஒரு வரி சேர்த்தா பாதி மனஸ்தாபம் போயிடும்.

பழைய சாவி | ஜூன் 4, காலை 6.50

மீட்டர். இதுல கொஞ்ச நேரம் நிப்போம், ஏன்னா எல்லாரும் இதைத்தான் தப்பா எழுதறாங்க.

மாடிக்குத் தனி சர்வீஸ்னா சுலபம். சர்வீஸ் நம்பரை முழுசா எழுதுங்க. முதல் ரெண்டு எண் மண்டலம், தென்சென்னைன்னா 09. அடுத்த மூணு பிரிவு அலுவலகம், அதுக்கடுத்த மூணு பகிர்மானம், கடைசியா இருக்கிறதுதான் உங்க சர்வீஸ் நம்பர். வாயால சொல்லும்போது அந்தக் கடைசி எண்ணை மட்டும் சொல்லிடுவாங்க. கீழ்வீடு 412, மாடி 413ன்னு பக்கத்துப் பக்கத்து எண்ணா இருந்தா, மாடியில இருக்கிறவர் ஆப்ல கீழ்வீட்டு பில்லைக் கட்டிட்டு இருப்பார். அவர் வீட்டு பில் நிலுவையாகி ஒருநாள் ஃபியூஸ் பிடுங்கற வரைக்கும் யாருக்கும் தெரியாது. கட்டறதுக்கு முன்னாடி திரையில வர்ற பேர் யாரோடதுன்னு பார்க்கச் சொல்லுங்க. சர்வீஸ் யார் பேர்ல இருக்கோ, அந்தப் பேரையும் தாள்ல எழுதி வைங்க. தாத்தா பேர்லேயே இருக்கிற வீடுகள் நிறைய.

எஸ்எம்எஸ் உங்க நம்பருக்குத்தான் வரும். ரீடிங் எடுத்த தேதியில இருந்து 20 நாளுக்குள்ள கட்டணும். நீங்க பார்த்து அனுப்ப மறந்தா அபராதம் அவருக்கு. குடிவந்த வாரமே மொபைல் நம்பரை மாத்திக் கொடுத்துடுங்க. காலி பண்ணும்போது திருப்பி மாத்தறதையும் கடைசிநாள் பட்டியல்ல சேருங்க. 2022 கடைசியில ஆதார் இணைக்கச் சொன்னப்போ வாடகைக்கு இருந்தவங்க ஆதாரையே இணைச்ச வீடுகள் உண்டு, அதையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

ரீடிங் எடுக்கிறது: இப்ப இருக்கிற டிஜிட்டல் மீட்டர்ல திரை தானா மாறிக்கிட்டே இருக்கும். தேதி வரும், நேரம் வரும், வோல்ட் வரும், அதிகபட்ச தேவை வரும். ஓரத்துல கிலோவாட்-அவர்னு குறி தெரியுற எண்தான் யூனிட். பட்டன் இருந்தா ஒவ்வொரு தடவையா அழுத்தி அதுல நிறுத்துங்க. புள்ளிக்கு அப்புறம் இருக்கிறதை விட்டுடுங்க. 14455.7ஐ 144557ன்னு எழுதி, அடுத்த பில்லுல தலையைப் பிச்சுக்கிட்டவங்க உண்டு. மீட்டர் நம்பரும் ரீடிங்கும் ஒரே போட்டோவுல விழற மாதிரி எடுங்க.

நடுச் சுழற்சியில குடிவந்தா எப்படிப் பிரிக்கிறது? உதாரணம்: கடைசி பில் ரீடிங் 14320. சாவி கொடுத்த அன்னிக்கு 14455. அடுத்த பில்லுக்கு எடுத்தப்போ 14690. மொத்தம் 370 யூனிட். உங்களோடது 135, அவரோடது 235. பில் தொகையில உங்க பங்கு 370-ல 135, அதாவது நூத்துக்கு 36.5. தனித்தனியா ஸ்லாப் (யூனிட் கூடக்கூட விலை ஏறுற படி) போட்டுக் கணக்குப் பார்க்காதீங்க. ரெண்டு மாசத்துக்கு இலவச 100 யூனிட் ஒரே தடவைதான். ரெண்டு பேரும் ஆளுக்கு 100 கழிச்சுக்கிட்டா கூட்டல் பில்லோட ஒத்துப்போகாது.

பில்லுல சில சமயம் கூடுதல் வைப்புத்தொகைன்னு ஒரு தொகை ஏறும். அது ஓனர் கட்ட வேண்டியது. வைப்புத்தொகை உங்க பேர்ல இருக்கு, என்னிக்காவது திரும்பி வந்தாலும் உங்களுக்குத்தான் வரும். குடியிருக்கிறவர் தெரியாம கட்டிட்டு வாடகையில கழிச்சா கோபப்படாதீங்க.

பழைய சாவி | ஜூன் 4, இரவு 9.15

சப் மீட்டர் பத்தி தனியா ஒருத்தர் கேட்டிருக்கார்: "ஒரே சர்வீஸ், மூணு போர்ஷன், ஓனர் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கறார், கேட்டா ஸ்லாப்ங்கறார்."

ஓனர் சொல்றதுல பாதி உண்மை. மூணு குடும்பமும் சேர்ந்து ஒரே சர்வீஸ்ல 500 யூனிட்டைத் தாண்டினா கீழ் ஸ்லாபுக்கு இருக்கிற மலிவு விலை போயிடும். தனித்தனி சர்வீஸா இருந்திருந்தா ஆளுக்கு 100 இலவசம் வந்திருக்கும், அதுவும் போச்சு. ஆனா எல்லா யூனிட்டுக்கும் 10 ரூபாய்னு போடறதுக்கு அது நியாயம் ஆகாது. ஒவ்வொரு தடவையும் இபி பில்லை போட்டோ எடுத்துக் காட்டி, மொத்தத் தொகையை சப் மீட்டர் யூனிட் விகிதத்துல பிரிக்கிறதுதான் நேர்மை. வாடகைக்கு விடும்போதே "சப் மீட்டர்தான், கணக்கு இப்படித்தான்"னு எழுதிக் கொடுத்துடணும்.

சப் மீட்டர் சரியா இருக்கான்னு சாவி கொடுக்கிற அன்னிக்கே ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம். அஞ்சு நிமிஷ வேலை. போர்ஷனோட எல்லா எம்சிபியையும் (போர்டுல இருக்கிற ட்ரிப் ஸ்விட்ச்) இறக்குங்க. சப் மீட்டர்ல சின்னதா ஒரு சிவப்பு விளக்கு மின்னும், அது நிக்கணும். நிக்காம விட்டு விட்டு மின்னிச்சுன்னா வேற ஏதோ லைன் அதுல இருந்து போகுது. மாடிப்படி லைட்டு, கேட் லைட்டு, பல சமயம் மோட்டாரே. அடுத்து, 1000 வாட் அயர்ன்பாக்ஸை மட்டும் போடுங்க. மீட்டர் முகத்துல ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல்னு அச்சடிச்சிருக்கும். 3200ன்னு இருந்தா ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 53 தடவை மின்னணும். 70, 80 வந்தா மீட்டரை மாத்துங்க. ஒரு நிமிஷம் எண்ணும்போது அயர்ன்பாக்ஸ் சூடேறித் தானா கட் ஆகும். கட் ஆகிறதுக்கு முன்னாடி எண்ணி முடிங்க, இல்லாட்டி ஹீட்டர் குச்சியை வாளித் தண்ணியில போட்டு எண்ணுங்க.

மாடிவீடு | ஜூன் 5, காலை 8.00

சார், நேத்து ராத்திரி இறக்கிப் பார்த்தேன். விளக்கு மின்னிக்கிட்டே இருந்தது. மொட்டைமாடி லைட்டு மாடி லைன்லதான் இருக்கு போல. வீட்டம்மா சிரிக்கறாங்க.

பழைய சாவி | ஜூன் 5, காலை 8.20

சிரிக்கட்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 15-ம் தேதிக்குள்ள பிரிச்சுடுங்க. பிரிக்க முடியலைன்னா "மொட்டைமாடி விளக்கு மாடி மீட்டரில் ஓடுகிறது, அதற்காக மாதம் இவ்வளவு ரூபாய் கழிவு"ன்னு எழுதுங்க. தெரிஞ்ச குறையை எழுதிட்டா அப்புறம் அது குறையா நிக்காது.

பழைய சாவி | ஜூன் 6, மாலை 6.40

தண்ணி. இதுக்குத்தான் அந்த ரெண்டு பக்கத் தாள் வேணும். பொதுவா எழுதினா பிரயோஜனம் இல்லை. உங்க வீட்டுக்கு எப்படி எழுதணும்னு ஒரு மாதிரி தர்றேன். எண்ணை மட்டும் மாத்திக்கோங்க:

"சம்ப் 6000 லிட்டர், கார் நிறுத்துற இடத்துக்கு அடியில. மேல் தொட்டி ரெண்டு, தலா 1000 லிட்டர். கறுப்புத் தொட்டி மாடிக்கு, வெள்ளைத் தொட்டி கீழ்வீட்டுக்கு. மோட்டார் ஸ்விட்ச் படிக்கட்டுக்கு அடியில. ஒரு தொட்டி நிரம்ப 25 நிமிஷம். போட்டு 5 நிமிஷத்துல மேல தண்ணி விழற சத்தம் கேக்கலைன்னா ஆஃப் பண்ணிட்டுக் கூப்பிடவும்."

அந்தக் கடைசி வரி முக்கியம். சம்ப் காலியா இருந்தாலோ, ஃபுட் வால்வுல (சம்ப்புக்குள்ள குழாய் முனையில இருக்கிற வால்வு) குப்பை சிக்கிக் காத்து ஏறியிருந்தாலோ மோட்டார் வெறுமனே சுத்தும். தண்ணியில்லாம சுத்தினா சீல் எரியும், அப்புறம் காயிலும் போகும். "ஸ்விட்ச் போட்டுட்டு மறந்துட்டாங்க"ன்னு வர்ற தகராறுல எத்தனை நிமிஷத்துல நிரம்பும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்களாங்கிறதுதான் கேள்வி.

வால்வுகளுக்குப் பேர் எழுதித் தொங்க விடுங்க. மொட்டைமாடியில தொட்டிக்குக் கீழ நாலு கேட் வால்வு இருக்கும், எது எந்த பாத்ரூமுக்குன்னு வீடு கட்டின பிளம்பருக்குத்தான் தெரியும். ஒவ்வொண்ணா மூடி, கீழ எந்தக் குழாய் நிக்குதுன்னு பார்த்து, பழைய பிளாஸ்டிக் டப்பா மூடியை வெட்டி மார்க்கர்ல எழுதிக் கம்பியால கட்டுங்க. பேப்பர் ஸ்டிக்கர் ஒரு மழைக்குக் கூடத் தாங்காது. வருஷக்கணக்கா திருகாத வால்வு, அவசரத்துக்குத் திருகும்போது தண்டு உடையும். அதனால குடிவர்றதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு தடவை மூடித் திறந்துடுங்க.

போர் தண்ணியா, மெட்ரோ வாட்டரா, ரெண்டும் கலந்தான்னு உண்மையைச் சொல்லிடுங்க. உப்புத் தண்ணின்னா வாஷிங் மெஷின்ல படியும், கீசர் காயில்ல ஓடு கட்டும். வந்தப்புறம் தெரிஞ்சா அது ஏமாத்தினதாத்தான் ஆகும். கோடையில லாரித் தண்ணி வாங்கினா செலவைத் தலைக்கணக்குலயா வீட்டுக்கணக்குலயா பிரிக்கிறதுன்னும் எழுதுங்க. கீழ்வீட்டுல ரெண்டு பேர், மாடியில ஆறு பேர்னா இது வெடிக்கும்.

சொத்து வரி, அரையாண்டு குடிநீர்–கழிவுநீர் வரி ரெண்டும் ஓனர் வேலை. மாசக் குடிநீர்க் கட்டணத்தை யார் கட்டறதுன்னு பேசி எழுதிக்கோங்க.

பழைய சாவி | ஜூன் 6, இரவு 10.05

செப்டிக் டேங்க் இருக்கிற வீடுன்னா மூடி எங்க இருக்கு, கடைசியா எப்ப எடுத்ததுன்னு ஒரு வரி. நிரம்பினா யார் செலவுன்னு இன்னொரு வரி. ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் பண்றது 2013-ம் வருஷச் சட்டப்படி குற்றம். விஷவாயுவுல போன உயிர்கள் கொஞ்சமில்லை. கழிவு உறிஞ்சற லாரிக்கு 14420-ல கூப்பிடலாம். அந்த எண்ணைத் தாள்ல போடுங்க. கூடவே மாநகராட்சிப் புகார் 1913, கரண்டுக்கு மின்னகம் 94987 94987.

பழைய சாவி | ஜூன் 8, காலை 11.30

பொருள் பட்டியல் எழுதற விதம்.

"ஃபேன் 5, டியூப்லைட் 6, கீசர் 1"ன்னு எழுதினா அது கடைக்காரர் பில். நிலைமை சேரணும். இப்படி: "ஹால் ஃபேன், ரெகுலேட்டர் 5-ல் மட்டும் ஓடுகிறது. சின்ன பெட்ரூம் ஜன்னல், இடது கதவின் கொக்கி இல்லை. சமையலறை சிங்க், கீழே சொட்டு இல்லை, பார்த்தது. பெரிய பாத்ரூம் கதவு, அடியில் நாலு விரல் உயரத்துக்கு ஊறியிருக்கிறது."

வீடியோவும் எடுங்க. வாசல் மீட்டர்ல ஆரம்பிச்சு அதே மீட்டர்ல முடிங்க, நடுவுல நிறுத்தாம. ஒவ்வொரு குழாயையும் பத்து விநாடி திறந்து மூடுங்க. ஃபிளஷை அழுத்துங்க. சிங்குக்கு அடியில குனிஞ்சு காட்டுங்க. கதவுக்குப் பின்னாடி இருக்கிற ஆணி ஓட்டை, டைல்ஸ் விரிசல் பக்கத்துல ஒரு ரூபாய் நாணயத்தை வெச்சு எடுத்தா அளவு தெரியும். அன்னிக்கே ரெண்டு பேர் வாட்ஸப்லயும் போயிடணும், தேதி அதுலேயே நின்னுடும். வீடியோவா அனுப்பினா சுருக்கி மங்கலாக்கிடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க.

பட்டியல் ரெண்டு பிரதி, ஒவ்வொரு பக்கத்துலயும் ரெண்டு பேர் கையெழுத்து. குடிவந்த ஏழு நாளுக்குள்ள அவர் கண்டுபிடிக்கிற குறையைச் சேர்க்க அடியில அரைப் பக்கம் காலியா விடுங்க. மழை பெஞ்சாத்தான் தெரியற ஒழுகல் மாதிரி விஷயத்துக்கு ஏழு நாள் போதாது, அதுக்கு முதல் மழை வரைக்கும் டயம்.

ஆணி அடிக்கலாமா, ஏசி ஸ்டாண்டுக்கு சுவர்ல துளை போடலாமா, மொட்டைமாடியில துணி காயப் போடலாமா, வண்டி எத்தனை நிறுத்தலாம் எல்லாம் இதே தாள்ல நாலு வரி. "பார்த்து நடந்துக்கோங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க. அதுக்கு அர்த்தம் ஆளுக்கு ஆள் மாறும்.

பழைய சாவி | ஜூன் 9, இரவு 8.45

வாடகைக்கு வர்றவங்க தரப்புல ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "ஓனர் பான் நம்பர் தரமாட்டேங்கறார், ஆபீஸ்ல வீட்டு வாடகைப்படிக்குக் கேக்கறாங்க."

வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினா ஆபீஸ்ல ஓனர் பான் கேப்பாங்க. மாசம் 8,333-க்கு மேலன்னாலே தாண்டிடும், சென்னையில அதுக்குக் கீழ போர்ஷன் எங்க இருக்கு? வாடகைக்கு விடறவங்க பான் நம்பரை அக்ரிமெண்ட்லேயே போட்டுடணும். தரமாட்டேன்னா அந்த வருமானத்தைக் காட்டற உத்தேசம் இல்லைன்னு அர்த்தம். அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டுடுங்கம்மா, அப்புறம் கேட்டா பேச்சு வேற மாதிரி போகும்.

மாச வாடகை 50,000-க்கு மேலன்னா குடியிருக்கிறவரே வரி பிடிச்சுக் கட்டணும். 5 சதவீதமா இருந்ததை 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவீதமாக் குறைச்சாங்க. நிதியாண்டோட கடைசி மாசமோ, காலி பண்ற மாசமோ ஒரே தடவை பிடிச்சா போதும். மாசம் முடிஞ்ச 30 நாளுக்குள்ள அதுக்கான படிவத்துல கட்டிட்டு, வரி பிடிச்ச சான்றிதழை ஓனருக்குக் கொடுக்கணும். டான் நம்பர் (வரி பிடிக்கிறவங்களுக்குன்னு தர்ற தனி எண்) வேண்டாம், பான் போதும்.

ஓனர் வெளிநாட்டுல இருந்தா கதையே வேற. 50,000 வரம்பெல்லாம் கிடையாது. வாடகை 15,000 ஆனாலும் 30 சதவீதமும் அதுக்கு மேல செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடிக்கணும். டான் எடுக்கணும், காலாண்டுக்கு ஒரு தடவை பிடிச்ச வரிக்கான கணக்கைத் தாக்கல் பண்ணணும். தம்பியோ அப்பாவோ வந்து சாவி கொடுத்தாலும் பத்திரம் யார் பேர்ல, அவர் எந்த ஊர்ல இருக்காருன்னு கேளுங்க. வெளிநாட்டு ஓனர் வருமான வரித்துறையில குறைவான விகிதத்துக்குச் சான்றிதழ் வாங்கித் தரலாம், தந்தா அந்த விகிதம்தான். தம்பி பவர்ல கையெழுத்துப் போட்டா பவர் பத்திரத்தோட நகலும் வேணும்.

வாடகையைக் கையில காசா கொடுத்தா மாசாமாசம் ரசீது. 5,000-க்கு மேல போனா ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அது மேல கையெழுத்து.

மாடிவீடு | ஜூன் 10, காலை 7.30

போலீஸ் ஸ்டேஷன்ல கொடுக்கணும்ங்கறாங்களே, அது நான் கொடுக்கணுமா அவங்களா?

பழைய சாவி | ஜூன் 10, காலை 9.00

நீங்க. குடியிருக்கிறவர் போட்டோ, அடையாள அட்டை நகல், முந்தின முகவரி, வேலை செய்யற இடம் இதெல்லாம் வெச்சுப் படிவம். ஸ்டேஷன்ல கொடுத்ததுக்கு அத்தாட்சி வாங்கி அதோட நகலை அவருக்கும் கொடுங்க. வெளிநாட்டுக்காரருக்கு விட்டா இது போதாது, வந்த 24 மணி நேரத்துக்குள்ள அதுக்கான படிவத்தை ஆன்லைன்ல போடணும்.

ஆதார் நகல் வாங்கினா முதல் எட்டு எண் மறைச்ச நகல் போதும். "வீட்டு வாடகைக்காக மட்டும்"னு குறுக்கே எழுதித் தேதி போடச் சொல்லுங்க. நீங்க கொடுக்கிற சொத்து வரி ரசீது, இபி பில் நகல்லயும் அதே மாதிரி "முகவரிச் சான்றுக்காக மட்டும்". கொடுக்க மாட்டேன்னு அடம் பிடிக்காதீங்க. கேஸ் கனெக்‌ஷன் மாத்த, ரேஷன் கார்டுல முகவரி மாத்த, அவங்களுக்கு ஏதாவது ஒரு பேப்பர் வேணும். பாஸ்போர்ட்டுக்குன்னா பதிவு பண்ணின அக்ரிமெண்ட்தான் கேப்பாங்க.

கேஸ்னதும் ஞாபகம் வருது. "புது கனெக்‌ஷன் வர்ற வரைக்கும் எங்க சிலிண்டரை வெச்சுக்கோங்க"ன்னு நல்ல மனசோட கொடுத்துடாதீங்க. கனெக்‌ஷன் உங்க பேர்ல, அடுப்பு அவங்க வீட்டுல. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? ரெண்டு நாளைக்கு இன்டக்‌ஷன் ஸ்டவ்வைக் கொடுங்க.

பழைய சாவி | ஜூன் 11, இரவு 9.50

லீசுக்கு விடறதைப் பத்தி வேறொருத்தர் தனியா கேட்டிருக்கார். மொத்தமா எட்டு லட்சம், வாடகை கிடையாது, மூணு வருஷம் கழிச்சு எட்டு லட்சமும் திரும்பும்ங்கிற ஒத்தி. இதை 11 மாச வாடகை அக்ரிமெண்ட் மாதிரி பத்திரத்துல எழுதி நோட்டரி கையெழுத்தோட முடிச்சுக்கிறாங்க. ரொம்ப ஆபத்து. வீட்டை அனுபவிக்கக் கொடுத்து வாங்கின அடமானம்னா அது சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்சாத்தான் நிக்கும். பதிஞ்சா வில்லங்கச் சான்றுல ஏறும், அதனாலதான் ஓனர்கள் தயங்கறாங்க. பணம் கொடுக்கிறவங்க முதல்ல அந்த வீட்டோட வில்லங்கச் சான்றை எடுத்துப் பாருங்க. பேங்க் கடன் நிக்குதுன்னா, கடன் கட்டாமப் போனா பேங்க் வந்து ஒட்டற நோட்டீஸ் உங்க கதவுலதான். இதுக்கு மேல இங்க எழுதினா இழை வேற பக்கம் ஓடிடும்.

பழைய சாவி | ஜூன் 12, காலை 7.15

அபார்ட்மெண்ட்காரங்களுக்கு சுருக்கமா: சங்கத்தோட விதிமுறைத் தாள், மெயின்டனன்ஸ் யார் கட்டறது, கார் நிறுத்துற இடத்தோட எண், சாமான் ஏத்த லிஃப்ட் எந்த நேரம், குப்பை எத்தனை மணிக்கு. பொது மின் இணைப்பு பில் மெயின்டனன்ஸ்ல அடக்கமான்னும் கேளுங்க. பத்து வீட்டுக்கு மேற்படாம, மூணு மாடிக்கு மேற்படாம, லிஃப்டும் இல்லாத சின்ன அபார்ட்மெண்டுக்கு 2023-ல பொதுக் கரண்டு விலையைக் குறைச்சாங்க. சங்கம் இன்னும் பழைய கணக்குல வசூல் பண்ணுதான்னு பார்க்கலாம்.

ஓனர் உள்ளே வர்ற விஷயத்தையும் எழுதணும்னு ஒருத்தர் நினைவுபடுத்தினார். சரிதான். கீழேயே இருக்கிற ஓனர்களுக்கு இது கஷ்டமா இருக்கும். ரிப்பேர் பார்க்கணும்னாலும் 24 மணி நேரம் முன்னாடி சொல்லிட்டுத்தான் போகணும். உங்க வீடுதான், இல்லைங்கலை. ஆனா வாடகை வாங்கற வரைக்கும் அவங்க வாசல். அதே மாதிரி எவ்வளவு கோபம் வந்தாலும் தண்ணியை நிறுத்தறது, ஃபியூஸ் பிடுங்கறது ரெண்டும் கூடாது, வாடகை அதிகாரிகிட்ட புகார் போனா நிக்க முடியாது.

மாடிவீடு | ஜூன் 12, இரவு 8.30

எல்லாத்தையும் எழுதிட்டேன் சார். அக்ரிமெண்ட் தவிர ஆறு பக்கம் வந்திருக்கு. வால்வுக்கு ஐஸ்கிரீம் டப்பா மூடி. மொட்டைமாடி லைட்டைக் கீழ்லைனுக்கு மாத்தியாச்சு. சாவி மூணு செட், ஒவ்வொண்ணுலயும் மெயின் கதவு, கிரில் கேட், லெட்டர் பாக்ஸ். விட்டுப்போனது ஏதாவது?

பழைய சாவி | ஜூன் 12, இரவு 8.55

மொட்டைமாடிக் கதவுச் சாவி. டேங்க் நிரம்பி வழியும்போது நீங்க ஊர்ல இல்லைன்னா அவங்கதான் மேல ஓடணும்.

மூணு செட்டுல ஒண்ணை நீங்க வெச்சுக்கிறதா இருந்தா அதையும் தாள்ல எழுதுங்க. "ஒரு செட் ஓனரிடம், அவசரத்துக்கு"ன்னு. எழுதாம வெச்சுக்கிட்டா வீட்டுல ஒரு மோதிரம் காணாமப் போனாலும் முதல்ல உங்களைத்தான் பார்ப்பாங்க.